பூச்சியம் காட்டிய கருவி

(எமது கழகத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



சென்ற பொதுக்கூட்டத்திலே கணக்கறிக்கை வாசிக்கப்பட்டபோது, "ஆர்முடுகல்மானி, இரண்டு" என்ற வரியைக் கேட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "உது என்ன சாமான் தம்பிமாரே? ஒண்டு போதாதெண்டு ரண்டு வேறை வாங்கியிருக்கிறியள்" என்று வினவியதும், சபை சிரித்ததும், நாம் நால்வரும் தலை குனிந்திருந்ததும் இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும். அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையை ஆறுதலாகச் சொல்லும்படி தலைவர் அவர்கள் இன்று எமக்கு அரைமணி நேரம் தந்திருக்கின்றார். கழகத்தின் பணம் எங்கே போயிற்று என்பதை ஒளியாமற் சொல்லுவது எமது கடமை. முதலாவது கருவியை நாமே எரித்துவிட்டோம் என்பதையும் இப்பொழுதே சொல்லிவிடுகின்றோம்.

இதை வாங்க எண்ணியதற்குக் காரணம் விளையாட்டன்று. எமது கழகத்தின் மூத்த அங்கத்தவரும், எம்மில் இருவருக்குப் பள்ளியிலே பௌதிகம் படிப்பித்தவருமான பெரியவர் ஒருவர் இருக்கின்றார். தமது பெயரைச் சொல்லக்கூடாதென்பது அவர் கட்டளையாதலால் ஆசிரியர் என்று மாத்திரம் சொல்லுவோம். அவர் ஒரு விடியற்காலை கிணற்றடியிலே வழுக்கி விழுந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எழும்ப மாட்டாமற் கிடந்தார். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கின்றார்கள். பால் கொண்டுவந்த பெண் கண்டு கூப்பிட்ட பிறகே அயலார் ஓடிவந்தனர். நல்ல காலமாக இடுப்பு முறியவில்லை. மணிக்கட்டு எலும்பு மாத்திரம் வெடித்தது. அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியிலே எம்மில் ஒருவர் கேட்டார்: "கைத்தொலைபேசியைச் சரித்தால் அதற்குத் தெரிகின்றதே, மனிதன் விழுந்தால் மாத்திரம் ஏன் ஒரு கருவிக்குத் தெரியக்கூடாது? விழுந்தவுடன் அடுத்த வீட்டில் மணி அடித்தால் இரண்டு மணி நேரம் கிடக்க நேராதே."

அன்று தொடங்கியதுதான் இந்தச் செலவு.

கைத்தொலைபேசியின் படத்தைச் சரிவுக்கேற்பத் திருப்புவது அதனுள்ளே இருக்கும் ஆர்முடுகல்மானி. இவ்வகைச் சிறு கருவிகள் 1990களின் முற்பகுதியிலே மோட்டார் வாகனங்களின் காற்றுப் பைகளுக்காகச் சந்தைக்கு வந்தவை. வாகனம் மோதிய கணத்தை அறிந்து பையை ஊதச் செய்வதே அவற்றின் முதல் உத்தியோகம். பிறகு 2006 இல் வந்த நின்ரெண்டோ வீ விளையாட்டின் கைப்பிடியிலும், 2007 இல் வந்த ஐபோனிலும் புகுந்து, இன்று நாம் சட்டைப் பையிலே சுமந்து திரியும் அளவுக்கு மலிந்துவிட்டன.

நாம் வாங்கியது அனலொக் டிவைசஸ் கம்பனியாரின் ஏடிஎக்ஸ்எல் 345 என்னும் சிப். நீளம் 5 மில்லிமீற்றர், அகலம் 3 மில்லிமீற்றர், தடிப்பு 1 மில்லிமீற்றர். ஓர் அரிசி மணிக்குச் சமமான நீளந்தான். இதன் அடியிலே 14 தொடுகைகள் இருக்கின்றன. எமது கையிலுள்ள பற்றவைக்கும் கோலோ அதைவிடப் பெரிது! இதனாலேதான் இத்தகைய சிப்பைச் செய்வோர், அதைச் சோதித்துப் பார்க்க விரும்புவோருக்காகச் சிறு பலகையொன்றிலே முன்கூட்டியே பொருத்தி, கம்பி தொடுக்கக்கூடிய ஊசிகளை வெளியே நீட்டி, ஒரு தொகுதியாக விற்கின்றனர். தபாற்றலை இரண்டை ஒட்டிவைத்த அளவான அப்பலகை கையில் வந்து சேர்ந்தபோது, பொருளாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மிச்சம் எங்கே?" என்று கேட்டார்.

முதற் பலகை ஒரு மாலைப்பொழுதேனும் வாழவில்லை. இந்தச் சிப்புக்கு 2 முதல் 3.6 வோற்று வரையே கொடுக்கலாம். அதனோடு பேசுவதற்கு நாம் வைத்திருந்த ஆர்டுயினோ பலகையிலே 3.3 வோற்று ஊசியும் 5 வோற்று ஊசியும் அருகருகே இருக்கின்றன. வெளிச்சம் மங்கலாக இருந்தது. கம்பி அடுத்த ஊசிக்குப் போயிற்று. வோற்றைக் குறைத்துக் கொடுக்கும் உறுப்புள்ள பலகைகளும் விற்பனைக்கு உண்டு. எமதில் அது இல்லை. புகையுமில்லை, மணமுமில்லை, அமைதியாகவே போய்விட்டது. யார் தொடுத்தது என்பதை இன்றுவரை நாம் நால்வரும் வெளியிலே சொன்னதில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை.

இரண்டாவது பலகையைப் பகல் வெளிச்சத்திலே தொடுத்தோம். அது வாய் திறக்கவேயில்லை. இரண்டு நாள் கம்பிகளை மாற்றி மாற்றிப் பார்த்த பின்னர், உடன் வந்த விளக்கத்தாளை முதற் பக்கத்திலிருந்து ஆறுதலாகப் படித்தபோது விடயம் வெளித்தது: சீஎஸ் என்று குறித்த ஊசியை வெறுமனே விடாமல் மின்வழங்கியோடு சேர்த்துக் கட்டவேண்டும், இல்லையேல் நாம் பேசும் இருகம்பி முறையிலே அது மறுமொழி தராமற் போகலாம். கட்டினோம், பேசிற்று. ஆனால், மூன்று திசைக்கும் பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்றே சொல்லிற்று. மேலும் சில பக்கங்களைப் புரட்டினோம். மின் கொடுத்தவுடன் இச்சிப் உறக்க நிலையிலேயே இருக்கும். "அளக்கத் தொடங்கு" என்று ஒரு கட்டளை அனுப்பி எழுப்பவேண்டுமாம். எழுப்பினோம். மேசையிலே அசையாமற் கிடந்த பலகை, கிடைத்திசை இரண்டுக்கும் பூச்சியத்துக்கு அண்மையான எண்ணையும், நிலைக்குத்துத் திசைக்கு 256 ஐ ஒட்டிய எண்ணையும் காட்டிற்று. 256 என்பது ஒரு ஜீ, அதாவது செக்கனுக்குச் செக்கன் 9.8 மீற்றர் என்னும் புவியீர்ப்பு ஆர்முடுகல்.

இங்கேதான் எமக்குள் வாக்குவாதம் தொடங்கிற்று. ஆர்முடுகல் என்பது வேகம் மாறும் வீதம் என்றல்லவோ பரீட்சைக்குப் பாடமாக்கினோம்? மேசையிற் கிடக்கும் பலகைக்கு வேகமும் இல்லை, மாற்றமும் இல்லை. அது ஏன் 9.8 என்கிறது? "புவியீர்ப்பையும் கூட்டிச் சொல்லுது" என்று ஒருவர் சமாதானம் சொன்னார், ஏற்றுக்கொண்டோம். அப்படியாயின் விழும்போது இன்னும் பெரிதாகக் காட்டவேண்டும் என்று எண்ணி, பலகை, ஆர்டுயினோ, பற்றரி, எண்களைப் பதியும் நினைவட்டை ஆகியவற்றை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியிலே பஞ்சு வைத்து அடைத்து, ஒன்றேகால் மீற்றர் உயரத்திலிருந்து தலையணைமீது விட்டோம். செக்கனுக்கு 100 தடவை பதியும்படி செய்திருந்தோம். கணினியிலே திறந்து பார்த்தால், விட்ட கணத்திலிருந்து தலையணையைத் தொட்ட கணம்வரை, அரைச் செக்கன் முழுவதும், ஏறக்குறைய ஐம்பது வரி பூச்சியமும் அதை ஒட்டிய எண்களுமே!

மறுபடியும் உறங்கிவிட்டது என்றோம். கம்பி கழன்றுவிட்டது என்றோம். கம்பிகளை எல்லாம் புதிதாகப் பற்றவைத்து மீண்டும் விட்டோம். மீண்டும் அதே பூச்சியம். விற்றவருக்குக் கோபமாக ஒரு கடிதமும் எழுதி முடித்துவிட்டோம். அனுப்பாமற் போனதற்குக் காரணம் அன்று மாலை ஆசிரியரைப் பார்க்கப் போனமையே.

அவர் இடக்கை மாக்கட்டோடு சாய்மனைக் கதிரையிலே இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். "சிப்புக்கு உள்ளுக்கை என்ன இருக்கு, தம்பி?" என்றார். விளக்கத்தாளிற் படித்ததைச் சொன்னோம்: மிக நுண்ணிய சிலிக்கன் விற்களிலே ஒரு சிறு சிலிக்கன் திணிவு தொங்குகிறது; அதிலிருந்து நீளும் மெல்லிய தகடுகள் அசையாத் தகடுகளுக்கு நடுவே நிற்கின்றன; திணிவு சற்று விலகினால் தகடுகளின் இடைவெளி மாறி, அவற்றின் கொள்ளளவம் மாறும்; அம்மாற்றமே எண்ணாக வெளிவருகிறது. "அப்ப உது ஒரு விற்றராசு" என்றார் ஆசிரியர். குசினிக்குள்ளிருந்து பழைய விற்றராசொன்றை எடுப்பித்து, அதிலே ஒரு பித்தளைப் பூட்டைக் கொளுவி, எம்மில் ஒருவரைக் கதிரைமேல் ஏறச் சொல்லி, கீழே பாயை மடித்துப் போடுவித்தார். "முள்ளைப் பாத்துக்கொண்டு விடும்" என்றார். விட்டார். விழும்போது முள் மேலே ஏறிப் பூச்சியத்திலே நின்றதை நாம் எல்லோரும் கண்டோம். கைத்தொலைபேசியிற் படமும் பிடித்தோம். இங்கே பின்வரிசையிலிருப்போர் கூட்டம் முடிந்தபின் வந்து பார்க்கலாம்.

"கருவி சரியாத்தான் சொல்லியிருக்கு. நீங்கள்தான் பிழையான கேள்வியைக் கேட்டிருக்கிறியள்" என்றார். மேசையிற் கிடக்கும்போது திணிவு கீழே போகாதபடி வில் தாங்குகிறது. வில் அடைந்த அந்த இழுவையைத்தான் கருவி ஒரு ஜீ என்கிறது. விழும்போது திணிவும், வில்லும், பெட்டியும் ஒன்றாய் விழுகின்றன, தாங்குவதற்கு வேலையில்லை, வில் தளர்ந்துவிடுகிறது, பூச்சியம். ஆகவே இக்கருவி அளப்பது எமது ஓட்டத்தையன்று. எம்மை ஏதோ ஒன்று எவ்வளவு தாங்குகிறது, தள்ளுகிறது என்பதையே அளக்கின்றது. தடையின்றி விழுபவன் தன் நிறையை உணரான் என்னும் இவ்வெண்ணமே 1907 இல் பேண் நகரின் காப்புரிமைக் கந்தோரிலே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்ரைனுக்குத் தோன்றி, பின்னர் பொதுச் சார்புக் கொள்கையாய் விரிந்தது என்று அவர் சொன்னபோது, பள்ளியிலே நாம் கவனியாமல் இருந்த பாடம் எத்தனை என்று வெட்கமாக இருந்தது. தம் உட்காதிலும் இதே விற்றராசு இருக்கின்றது என்றார்: கல்சியங் காபனேற்றுத் துகள்கள் மெல்லிய களிமேற் கிடந்து, தலை சரியும்போது கீழுள்ள மயிர்க் கலங்களை வளைக்கின்றனவாம். அத்துகள்கள் இடம் பெயர்ந்துவிட்டதனாலேதான் தமக்குத் தலைச்சுற்று வருகிறதென்று வைத்தியர் சொன்னதாகவும் சொன்னார்.

கடிதத்தைக் கிழித்துவிட்டோம்.

நிற்க. எம்மில் இளையவருக்கு இன்னொரு ஆசை இருந்தது: ஆர்முடுகலைக் கூட்டினால் வேகம், வேகத்தைக் கூட்டினால் தூரம், பெட்டியைச் சைக்கிளிற் கட்டினால் ஓடிய தூரம் தெரியுமே! கட்டுமுன் மேசைமேல் வைத்துப் பார்த்தார். ஒரு நிமிடத்திலே மேசை எழுபது மீற்றர் போய்விட்டதாகக் கணக்கு வந்தது. அறையோ ஐந்து மீற்றர். இதற்கும் காரணம் உண்டு. இக்கருவியின் ஓர் எண் என்பது ஏறக்குறைய 4 மில்லி ஜீ. அந்த ஒரே எண் பிழைத்தாலும், செக்கனுக்குச் செக்கன் 4 சதமமீற்றராகும். அதை இரு தடவை கூட்டும்போது பிழை நேரத்தின் வர்க்கமாய் வளர்கின்றது. பத்துச் செக்கனில் இரண்டு மீற்றர், அறுபது செக்கனில் எழுபது. சைக்கிள் ஆசை அன்றோடு போயிற்று.

இனி, எதற்காக வாங்கினோமோ அதற்கு வருவோம். விழுகையைத் தானே கண்டறிந்து அறிவிக்கும் வசதி சிப்பினுள்ளேயே இருக்கிறது. மூன்று திசையும் 0.3 முதல் 0.6 ஜீக்குள் நாம் தெரியும் ஓர் எல்லைக்குக் கீழே, 0.1 முதல் 0.35 செக்கன் வரையான ஒரு காலம் நின்றால் அறிவிக்கலாமென விளக்கத்தாள் கூறுகிறது. பெட்டியை இடுப்பிற் கட்டிக்கொண்டு மெத்தைமேல் பாய்ந்தோம், மணி அடித்தது. மகிழ்ந்தோம். பிறகு சாய்மனைக் கதிரையிலே தொப்பென்று இருந்தோம், அதற்கும் அடித்தது. திண்ணையிலிருந்து குதித்தோம், அதற்கும் அடித்தது. ஆகவே விழுகைக்குப் பின் ஒரு மோதலும், அதன்பின் சில செக்கன் அசையாமையும், உடல் கிடையாக இருத்தலும் சேர்ந்தால் மாத்திரம் அடிக்கும்படி திருத்தினோம். வீண் மணி ஓய்ந்தது.

ஓய்ந்தது நல்லதென்று எண்ணியிருக்கையில், ஆசிரியர் ஒரு வேலை தந்தார்: "தலைச் சுத்து வந்தவன் பாய்ஞ்சு விழமாட்டான். சுவரைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சு இருப்பான். அப்பிடி விழுந்து காட்டும்." சுவரிலே கைவைத்து, முழங்கால் மடிந்து, மெல்லச் சரிந்து நிலத்திலே கிடந்தோம். மணி அடிக்கவில்லை. எத்தனை தடவை செய்தும் அடிக்கவில்லை. ஏன் அடிக்கும்? கையைச் சுவர் தாங்குகிறது, உடலை முழங்கால் தாங்குகிறது; ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டேயிருப்பதால் கருவி பூச்சியத்தை அண்டவேயில்லை. விழுகையை விட்டுவிட்டு, கிடையாக அசையாமற் கிடந்தாலே அடிக்கட்டும் என்று மாற்றினால், பெரியவர் மத்தியானம் கண்ணயரும் போதெல்லாம் அடுத்த வீட்டார் ஓடிவர வேண்டியதாகும். 2018 இல் அப்பிள் கம்பனியார் தமது கைக்கடிகாரத்திலே விழுகை அறியும் வசதியைச் சேர்த்தபோதும், எல்லா விழுகைகளையும் அது கண்டறிய மாட்டாதென்று அவர்களே எழுதிவைத்திருக்கின்றார்கள். அவர்களிடம் சுழற்சியை அளக்கும் கருவியும் கூடவே இருக்கின்றது. எம்மிடம் இருந்தது பிஸ்கட் பெட்டி.

இவ்விடத்திலே எமக்குள் பெரிய மனத்தாங்கல் ஏற்பட்டது. ஓரளவுக்கேனும் வேலை செய்கிறதே, கட்டிவிடுவோம் என்றனர் இருவர். மணி இருக்கிறதென்ற நம்பிக்கையிலே அயலார் எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டால், அது இல்லாத காலத்தைவிடக் கேடாகுமே என்றனர் மற்ற இருவர். ஒரு கிழமை முகம் பார்த்துப் பேசவில்லை. முடிவிலே ஆசிரியரிடமே போய், நடந்ததை நடந்தபடி சொல்லி, எந்த விழுகைக்கு அடிக்கும், எதற்கு அடியாது என்பதையும் சொல்லி, கட்டுவதா விடுவதா என்று கேட்டோம். அவர் பெட்டியைக் கையில் வாங்கி நிறை பார்த்துவிட்டு, "எல்லாம் சரி. கிணத்தடிக்குக் குளிக்கப் போகேக்கை உதைக் கழட்டி வைச்சிட்டல்லோ போகவேணும்?" என்றார்.

நாம் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் விழுந்தது குளிக்கப் போனபோது. பற்றரியும் கம்பியுமாய் இருக்கும் பெட்டியோடு எவரும் குளிக்கமாட்டார். ஐந்து மாதமாக மெத்தையிலே பாய்ந்த எமக்கு இந்தக் கேள்வி ஒரு தடவையேனும் தோன்றவில்லை.

"கிணத்தடி எப்பிடிச் சரிஞ்சிருக்கெண்டு உது சொல்லுமே?" என்று அவரே கேட்டார். அது இதற்கு நன்றாகச் சொல்லத் தெரிந்த விடயம். அசையாமல் இருக்கும் பலகை, சரிவின் சைனுக்கு ஏற்ப ஒரு பங்கை அந்தத் திசையிலே காட்டும்; மட்டத்துக்கு அண்மையிலே ஓர் எண் என்பது ஏறக்குறைய கால் பாகை. ஒரு தடை மாத்திரம் உண்டு. கருவியின் பூச்சியம் சரியான பூச்சியமன்று, சற்று விலகியிருக்கும். இதற்கும் வழி சொல்லித் தந்தவர் ஆசிரியரே: தச்சர் மட்டப்பலகையைத் திருப்பி வைத்துப் பார்ப்பது போல, ஒரு தடவை வைத்து அளந்து, அதே இடத்திலே தலைமாறாகத் திருப்பி வைத்து அளந்து, வித்தியாசத்திற் பாதியை எடுத்தால் விலகல் நீங்கிவிடும். நேரான பலகையொன்றிலே கருவியைக் கட்டி, கிணற்றடிச் சீமெந்து நிலத்தை அடி அடியாக அளந்தோம். மூன்று பக்கமும் ஐந்தாறு எண்தான்; ஒரு பாகையிலும் சற்றுக் கூட. தண்ணீர் வடிய அது போதும். வாய்க்கால் வெட்டியபின் திருத்தி மெழுகிய நாலாவது மூலையிலே 31 எண் காட்டிற்று: ஏழு பாகை, எட்டடிக்கு ஓரடி சரிவு. வாளி வைக்கும் கல்லுக்கும் கதவுக்கும் நடுவே, ஒவ்வொரு நாளும் ஈரக் காலோடு மிதிக்கும் இடம் அது. அவர் விழுந்த இடமும் அதுவே.

மேசனைக் கூட்டிவந்து எண்களைக் காட்டினோம். அவர் கணக்கைக் கேட்கவில்லை, ஒரு வாளி தண்ணீரை மொண்டு அந்த மூலையிலே ஊற்றி, அது ஓடிய வேகத்தைப் பார்த்து, "உதுக்கே தம்பிமார் ஐஞ்சு மாசம்?" என்றார். ஆசிரியர் சிரித்த சிரிப்பிலே எமக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூலையை உடைத்துச் சொரசொரப்பாக மெழுகி, சுவரோடு ஓர் இரும்புக் கைபிடியும் வைத்தாயிற்று. அச்செலவை ஆசிரியர் தாமே ஏற்றுக்கொண்டதால் அது கழகக் கணக்கிலே வராது என்பதைப் பொருளாளருக்காக இங்கே குறிப்பிடுகின்றோம்.

அடுத்த வீட்டு மணிக்குப் பதிலாக, நாம் நால்வரும் முறை வைத்துக் காலை ஆறரைக்கு அவர் படலையிலே சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போகின்றோம். அவர் "ஓம்" என்று குரல் கொடுத்தபின்பே அடுத்த வேலை. மழை நாளிலே முறை தவறியவர் யார் என்பதற்கும் ஆசிரியரிடம் கணக்குண்டு.

இரண்டாவது பலகை எரியாமல் இருக்கின்றது. கழக அறை அலுமாரியிலே, அதே பிஸ்கட் பெட்டிக்குள், 3.3 வோற்றுக் கம்பிக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கின்றோம். எந்த ஊசிக்கு எது என்று ஒரு தாளிலும் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கின்றோம். கிணற்றடி, குளியலறை, படிக்கட்டு அளக்க விரும்பும் பெரியோர்கள் சொல்லியனுப்பினால் ஞாயிறு மாலையிலே வந்து அளந்து தருவோம். எடுத்துப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் விளக்கத்தாளை முதற் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வருக.